மூலை மடங்கிய கார்டு

தண்டுக்குப் புதிதாய் வரும் துரை
வீடு வீடாய்ப் போய்த் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.
அதுவும் உச்சி வெயிலில்,
கழுதை நிழல் தேடும் நேரத்தில்,
கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான்.

ரயில் வந்த மறுவருஷம்
டன்லப் துரை வந்தார், துரைசாணியோடு.
வண்டிக்குப் பின்னால் நான் ஓடினேன்
கையில் கார்டுக் கட்டு.
அல்சூர் ஏரியிலிருந்து மைதானத்து மேற்கு மூலைவரை
முப்பத்தொரு பங்களா.
கர்னலுக்கு முதலில். அப்புறம் சர்ஜன், பாதிரி.
தையல்கடைத் துரையும் வெள்ளைதான்,
அவர் வாசலில் வண்டி நிற்காது.

கேட்டுக்குக் கேட்டு ஒரு தகரப்பெட்டி.
நெற்றியில் வெள்ளை எழுத்து:
'வீட்டில் இல்லை' என்று அர்த்தமாம்.
உள்ளே பியானோ கேட்கும்.
நாயை அதட்டும் துரைசாணி குரலும் கேட்கும்.
இல்லாதவர்கள் காதில் விழ
இரண்டு கார்டு போடுவேன்.
மூலை மடங்கியிருந்தால்
நேரில் வந்ததாகக் கணக்கு.
மடக்குகிற வேலையும் என்னுடையதே;
துரைக்கு வியர்த்துவிட்டது.

எங்கள் லைனில்
"இன்னா முனிரத்தினம், சோறு ஆச்சா" என்றபடி
பானைக்கு நேரே வருவான் வருகிறவன்.
கடன்காரனுக்கு மட்டும்
"அவரு இல்லீங்க" என்பாள் குப்பம்மா,
அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் மூச்சடக்க.
அந்த ஒரு பொய்க்குப்
பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார்கள் இவர்கள்.

மூன்றாம் வாரம் டன்லப் துரைக்கு வாந்திபேதி.
சாயங்காலம் புதைத்தோம்.
அதற்கப்புறமும் பதில் கார்டுகள் வந்தன,
முறை தவறக்கூடாதே.
செத்தவருக்கு ஒன்று, இருந்தவளுக்கு ஒன்று.
மேஜைமேல் வரிசையாக அடுக்கி
அந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்,
சீட்டாட ஆள் வராதவள் போல.

பத்தாம் நாள் ஏலம்.
சேணத்தைச் சர்ஜன் எடுத்தார். பூட்ஸ் ஒரு லெப்டினன்ட்டுக்கு,
அவர் காலுக்குப் பெரிசு.
கட்டில், கண்ணாடி, பிராந்தி,
எல்லாம் இரண்டு மணிக்குள் காலி.
மீந்த கார்டுக் கட்டை யாரும் கேட்கவில்லை.
ஓரணா என்றேன்.
சிரித்துக்கொண்டே சுத்தி தட்டினார்கள்.

பின்பக்கம் வெறுமையாய் இருந்ததே,
வீணாவானேன்?
பிளாக்பள்ளி அச்சாபீசில் தேவசகாயம்
எழுத்துக் கோத்துக் கொடுத்தான்:
மு. முனிரத்தினம்,
பியூன், தண்டு, பெங்களூர்.
ஈரம் காயுமுன் முகர்ந்து பார்த்தேன்.
நல்லெண்ணெயும் கரியும் கலந்த வாசம்.

பன்னிரண்டரை மணி. நல்ல வெயில்.
கர்னல் வீட்டுப் பெட்டியில்
மூலையை மடக்கிப் போட்டேன்.
நேரில்தானே வந்திருந்தேன்.

மறுநாள் கர்னல் துரைசாணி படுக்கையில்.
கதவெல்லாம் சாத்தி, பாதிரிக்கு ஆள் போனது.
சமையல்காரன் மாணிக்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"செத்த டன்லப் வந்துட்டுப் போனாராம்பா.
தானே வந்தாராம். மூலை மடங்கியிருந்துச்சாம்."

கார்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"பதில் வந்துச்சா?" என்று
குப்பம்மா தினமும் கேட்கிறாள்.
இன்னும் நாற்பத்திரண்டு கார்டு இருக்கிறது,
முப்பது பங்களாவும்.