முழங்கால் உயரம்

அப்பா கட்டியபோது மாடியில் மூன்று அறை.
நான் பிளைவுட் அடித்து ஏழாக்கினேன்.
கோத்தகிரியில் இந்த விலைக்குக் கிடைக்காது:
தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, வெந்நீர் தனி.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த இன்னாசி
டீ வேண்டாம் என்றார்.
ஒரே பிளக்கில் ஹீட்டரும் குக்கரும் நான்கு போனும்
தொங்குவதைப் பார்த்தார்.
கட்டிலடியில் கரிச்சட்டி.
பின்கதவில் பதினோரு ஆணி.
கரடி வருது சார், என்றேன், போன தையில்
வெல்லப் பானையையே தூக்கிட்டுப் போச்சு.
எழுதிக்கொண்டார்,
கரடியையா ஆணியையா, தெரியவில்லை.

பிறகு என்னைக் கடைசி அறையில் நிறுத்தினார்.
"ராத்திரி ரெண்டு மணி. கரண்ட் இல்ல. ஒரே புகை.
காத்து முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும்.
கண்ண மூடிட்டு, மண்டி போட்டு, வெளிய வாங்க."

என் வீடு.
தூக்கக் கலக்கத்திலும் தடுக்காமல் நடந்த வீடு.
சிரித்துக்கொண்டே குனிந்தேன்.

பிளைவுட் நெற்றியில் இடித்தது.
திரும்பினால் யாருடையதோ டிரங்குப் பெட்டி.
இங்கே ஒரு கதவு இருந்ததே,
அதன்மேல் பீரோவைச் சாத்தியது யார்?
நான்தான்.

திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்தேன்.

சுக்மணியின் கட்டில்.
ராஞ்சிப் பக்கத்துப் பெண், தேயிலை ஃபாக்டரியில் இரண்டாம் ஷிப்ட்.
கட்டில்காலில் கட்டியிருந்தது ஒரு சேலை,
அதோடு முடிச்சிட்டு இன்னொன்று, இன்னொன்று,
பாம்புபோல் சுருண்டு, தயாராக.
பக்கத்தில் ஒரு ஆக்ஸா பிளேடு.
நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன்:
நடுக்கம்பியில் நூல் போல ஒரு கோடு,
சோப்பு வைத்து அடைத்து, மேலே கரி தடவி.

எட்டு மாதமாக ஒவ்வொரு ஐந்தாம் தேதியும்
சிரித்தபடி வாடகை கொடுத்தவள்.

படியைத் தொட்டபோது இன்னாசி கடிகாரத்தைக் காட்டினார்.
மூன்று நிமிஷம் பத்து வினாடி.
"மரப்படி சார். அது உங்களுக்காக நிக்காது."
கம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆணிகளைப் பிடுங்கினேன். ஒன்பது வந்தது,
இரண்டு தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது.
பீரோவை நகர்த்த ஆள் சொல்லியிருக்கிறேன்.
அப்புறம் புது பிளேடு மாட்டி
அவள் அறுத்ததன் மீதியை அறுத்தேன்.
அரைக்கம்பிக்கே தோள் விட்டுப்போனது.
எத்தனை ராத்திரி அறுத்தாளோ,
கீழே நான் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கையில்.

பதினொன்றரைக்கு வந்தாள். ஸ்வெட்டரில் தேயிலைத் தூள்.
கம்பியில்லாத இடத்தில் மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது.
ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
தெரிந்த தமிழைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டாள்:

"சார், இதுக்கு வாடகை ஏறுமா?"