கழன்ற கொம்பு

கழனிவாசல் டீக்கடை மாடியில் ஒரு கூட்டம்.
தேவகோட்டை டியூஷன் சென்டரில் இன்னொன்று.
போன ஆடியிலிருந்து
கானாடுகாத்தானிலும் நாலு பேர்.
எழுதுவது ஒரே கட்டற்ற மென்பொருள்.

'கொ'வில் கொம்பு கழன்று நிற்கும் பிழையை
சிகப்பி மூன்று இரவு விழித்துத் திருத்தினாள்.
அதே பிழையை
தேவகோட்டை ஆரோக்கியராஜ்
முந்தின வாரமே திருத்தியிருந்தான்.
சொல்ல ஆளில்லை.

"பிரிஞ்சுட்டோம்" என்றார் வயிரவன்.
அவள் ஒப்பவில்லை:
"எங்களுக்கு ஒன்பது கோவில், அண்ணே.
ஒரே கோவில்னா பங்காளி.
பொண்ணு கொடுக்க
வேற கோவில்தான் வேணும்."

சரி. ஆனால்
அந்த மூன்று இரவை
எந்தக் கோவில் கணக்கில் எழுத?

பஸ்ஸில் அவன் நிரலைப் படித்தாள்.
தன்னுடையதைவிட ஆறு வரி குறைவு.
தன்னுடையதை அழித்தாள்.
ஒரு குறிப்பு மட்டும் அனுப்பினாள்:
'கௌ'வும் கழல்கிறது, பார்.