பதினாறாவது மரம்

குலசேகரத்துக்கு மேலே, மணலோடைப் பக்கம்,
நாலரைக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொள்வேன்.
கையில் வெட்டுக்கத்தி. இடுப்பில்
பாலித்தீன் உறையில் மடித்த தாள்:
பேங்க் பரீட்சைக்கு இன்றைக்குப் பதினைந்து சொல்.

மரத்துக்கு ஒன்று.
பதினாறாவது மரத்தில் மறுபடி முதல் சொல்.
முந்நூற்று நாற்பது மரம்.
சாய்ந்து நிற்கிற ஒன்றுக்கு
ஒப்ளீக் என்றே பேராகிவிட்டது.

லாசரேட்: கிழித்துப் புண்ணாக்கு.
பட்டையில் சரிவாய் இறங்குகிறது கத்தி.
டெனேஷியஸ்: பிடித்தால் விடாத.
காலிலிருந்து பிய்த்த அட்டை
விரலில் ஒட்டிக்கொள்கிறது.

கோயாகுலேட் வந்த அன்று
ஆளில்லாத தோட்டத்தில் உரக்கச் சிரித்தேன்.
எட்டு வருஷமாய் ஆசிட் விட்டு
டிஷ்ஷில் உறையவைக்கிறேனே இதை,
பேரைக் கேட்டதில்லை.

நான்சலன்ட் மட்டும் எந்த மரத்திலும் நிற்கவில்லை.
பதற்றமில்லாத, அக்கறை காட்டாத, என்கிறது அகராதி.
மரம் அப்படியா?
வெட்டின இடமெல்லாம் வடிகிறதே.

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் வகுப்பு.
பினிதா மிஸ் என்னை எழுப்பி
அதிலேயே வாக்கியம் கேட்டாள்.
"ஷீட் விலை இறங்கிப்போச்சு, கூலி அடுத்த வாரம்" என்று
பல் குத்திக்கொண்டே சொன்ன
தோட்டக்காரர் ஞானதாஸ்
நாக்கில் வந்து நின்றார்.
இங்கிலீஷில் சொன்னேன், முழுசாய்,
தடுக்காமல்.
"கிராமர் சரி," என்றாள் மிஸ்.
"பரீட்சையில் ஆள் பேரை மட்டும் எழுதிராத, பிள்ளே."

இன்று ராத்திரியே பிடித்துக்கொண்டது மழை.
நாளை வெட்டில்லை, கூலியில்லை.
புதுத் தாளில் பதினைந்து சொல்.
சுவரைப் பார்த்துப் படிக்கிறேன்.
ஒன்றும் ஏறவில்லை.