மிஞ்சிய மண்

மூன்று மீட்டர் வட்டம்,
நடுவில் தொண்ணூறு சென்டிமீட்டர் ஆழம்,
மின்சார பில்லின் பின்பக்கத்தில் வரைந்தபோது
எவ்வளவு எளிதாக இருந்தது.

காலுள்ள டிராம்போலின்தான் முதலில் இருந்தது.
பிள்ளைகள் குதித்தால் வேலிக்கு மேல்
இரண்டு தலைகள் முளைக்கின்றன மறைகின்றன,
நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை
என்று பக்கத்து வீட்டு டோரீன்
ரோஜாப்பூ அட்டையில் எழுதிப் போட்டிருந்தாள்.
சரி, தலைகளைத் தாழ்த்திவிடுவோம்
என்றார் மாதவராஜ்.

கிராலியின் களிமண்
மண்வெட்டியைக் கவ்வினால் விடாது.
இரண்டு பேரின் இரண்டு சனிக்கிழமைகள்
முழங்கால் ஆழம்.
பிறகு கேரத் வந்தான் குட்டி எந்திரத்தோடு.
பக்கவாட்டுச் சந்தில் விரற்கடை இடைவெளியில் நுழைந்து
நாற்பது நிமிடத்தில் முடித்து
மூன்று சர்க்கரை போட்ட டீ கேட்டான்.

குழி ஒரு பிரச்சினையே இல்லை.
குழியிலிருந்து வந்ததுதான்.
உள்ளே அடங்கிக் கிடந்த மண்
வெளியே வந்ததும் ஒன்றரை மடங்காகிவிட்டது,
விருந்துக்கு வந்த சொந்தம் சோபாவில் பரவுவதுபோல்.
தோண்டிய மண் மிஞ்சினால் உத்தமமான மனை
என்கிறது மனையடி சாஸ்திரம்.
எழுதினவர்
ஸ்கிப்புக்கு வாடகை கட்டியதில்லை.

திங்கள் இரவு மழை.
செவ்வாய் காலை எங்களுக்கு ஒரு குளம்,
அதில் நவிலின் ஒற்றைச் செருப்பு.
டோரீன் வேலிக்கு மேலே
ஒரு பம்பை நீட்டினாள், வார்த்தை இல்லாமல்.
அவள் கணவனுடையதாம்.
எந்தக் கணவன் என்று நான் கேட்கவில்லை.

சரளை, குழாய், சுற்றுச் சுவர்.
அறுபத்துநான்கு ஸ்பிரிங்குகள்.
வரிசையாக மாட்டிக்கொண்டே போனால்
கடைசி ஒன்று கைக்கு எட்டாது,
எதிரெதிராக மாட்ட வேண்டும்
என்பதை
வரிசையாக அறுபத்துமூன்று மாட்டிய பிறகு படித்தோம்.
அன்றிரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது
புல்லோடு புல்லாக ஒரு கறுப்பு வட்டம்.
ஆதிரை விழுந்தாலும் தரையிலிருந்து தரைக்குத்தான்.
ஒவ்வொரு குதிக்கும் அடியிலிருந்து காற்று
ஹும் என்று வெளியேறுகிறது,
யாரோ நம் கதையைப்
பாதி நம்பிக் கேட்பதுபோல.

பதினோரு மணிக்கு மேல்
எல்லோரும் தூங்கியபின்
ஸ்வெட்டரோடு போய் நின்றேன்.
இரண்டு பெற்ற இடுப்பு, யோசித்து யோசித்துத்தான் எழும்பியது.
முதலில் நெற்றிவரை.
பிறகு கண்வரை.
வேலிக்கு அப்பால் ஒரு சிவப்புப் புள்ளி.
அடுத்த குதியில்
கதவோரம் டோரீன்,
விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்டோடு.
தவணை முறையில் பார்த்துக்கொண்டோம்.
அடுத்த குதியில் அவள் கை உயர்ந்திருந்தது,
போ என்றா வா என்றா தெரியவில்லை.
அதற்கடுத்ததில் நானும் கையை உயர்த்தினேன்,
அதற்குள்
கீழே வந்துவிட்டேன்.