பதினொன்றில் நான்கு

மீன் பதப்படுத்தும் ஆலையில்
இருபத்தோரு வருடம் டப்பாக்களை எண்ணியவள் நான்.
எண்ணும்போது டப்பா அசையாமல் நிற்கும்.
ஆலை மூடியபின்
லியபாயாவின் வடக்கு ஓரம், கரோஸ்டாவில்
இளைஞர் மையத்துக்குக் கணக்கெழுத வந்தேன்.
இங்கே எண்ணிக்கொண்டிருக்கும்போதே
ஒருவன் ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விடுகிறான்.
இருவர் ஒரு ஜோடிக் கையுறையை
ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு
ஒரே பெயரில் கையெழுத்திடுகிறார்கள்.

முதல் வருட அறிக்கையில் எழுதினேன்:
வருகை ஆயிரத்து நூற்று நாற்பது.
நகரசபையில் கைதட்டினார்கள்.
குன்டார்ஸ் கேக் வாங்கி வந்தார்.

விஸ்மா மட்டும் கேக்கைத் தொடவில்லை.
கூடைப்பந்து சொல்லித் தருகிறவள்,
கழுத்தில் எப்போதும் விசில்.
"ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகளா,
முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முப்பது தரமா?"
பெருக்கிப் பார்த்தேன்.
சரியாக வந்தது. அதுதான் எரிச்சல்.

அன்றிரவு பழைய பேரேட்டைப் பிரித்தேன்.
தலைகளை விட்டுவிட்டுப் பெயர்களைப் பிடித்துக்கொண்டேன்.
யார் எந்த நாளோடு நின்றுபோனாரோ
அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.
கோடுகள் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
நவம்பர் முதல் வாரத்தில் வந்து குவிந்திருந்தன,
பதின்மூன்று.
பதின்மூன்றும் பெண் பிள்ளைகள்.

காரணங்கள் எங்களிடம் தாராளமாக இருந்தன.
குளிர் என்றார் குன்டார்ஸ்.
பையன்களின் கூச்சல் என்றாள் விஸ்மா.
பதினைந்து வயதில் எல்லாம் சலிக்கும் என்றேன் நான்,
பதினைந்து வயது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோனவள்.
அவர்களிடமே கேட்கலாம் என்று தோன்ற
மூன்று வாரம் ஆயிற்று.

எவெலீனாவைக் கடைவாசலில் பிடித்தேன்.
பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டே சொன்னாள்:
"பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து பாருங்கள்,
நாலரை மணிக்கு."

நடந்தேன்.
நாலரை மணிக்கே நடுநிசி.
பழைய படைக்குடியிருப்பின் உடைந்த ஜன்னல்கள் ஒரு பக்கம்,
மறுபக்கம் கடலிலிருந்து வரும் காற்று.
விளக்குக் கம்பம் பதினொன்று. எரிந்தவை நான்கு.
ஐந்தாவது கம்பத்துக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில்
சாவிக்கொத்தை விரலிடுக்கில் செருகிப் பிடித்திருந்தேன்.
ஐம்பத்தாறு வயது எனக்கு.

கடிதத்தில் அழகாக ஒன்றும் எழுதவில்லை.
கம்பம் பதினொன்று, எரிவது நான்கு,
நின்றுபோன பிள்ளைகள் பதின்மூன்று, தேதிகள் இணைப்பில்.
ஜனவரி இருபதில் ஏணியோடு இருவர் வந்தார்கள்.
அதுவரை விஸ்மா தினமும் நிறுத்தம்வரை போய்
விசில் ஊதிக்கொண்டே திரும்பி நடந்தாள்.
அதற்குத் தலைப்பு எதுவும் படிவத்தில் இல்லை.
கடைசி வரியில் சேர்த்தேன்:
விசில், முப்பத்திரண்டு நாள்; கூட வந்தவர்கள், இருவர்.

பிப்ரவரியில் இரண்டு ஒன்பதாயிற்று.
பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள்.
போட்டேன். கீழே சின்ன எழுத்தில்:
அதே மாதம்தான் கூடையின் கிழிந்த வலையை மாற்றினோம்,
பகலும் நீண்டுகொண்டிருந்தது;
இதில் விளக்குக்கு எத்தனை பங்கு என்று தெரியாது.
மார்ச்சில் ஒன்பது ஏழாயிற்று. அதையும் எழுதினேன்.
"இதை விட்டுவிடலாமே" என்றார் நகரசபைக்காரர்.
வீங்கிய டப்பாக்களை நல்லவற்றோடு எண்ணச் சொன்ன
ஆலை மேலாளரும்
இப்படித்தான் மெதுவாகப் பேசுவார்.

எவெலீனா வரவில்லை.
அவள் வரிசையில் சிவப்புக் கோட்டுக்கு அப்பால்
கட்டங்கள் வெள்ளையாக ஓடுகின்றன.
ரீகாவுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள்.
இல்லை, பேக்கரியில் வேலை என்கிறார்கள்.
கேட்டு எழுத வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு பையன்.
கையெழுத்திட மாட்டான், பெயர் சொல்ல மாட்டான்.
ஹீட்டர் மேல் காலுறையைப் போட்டு
காயும்வரை சுவரைப் பார்த்து நிற்பான், போய்விடுவான்.
அவனுக்குக் கட்டமில்லை.
பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன்.
இந்த வாரம் நான்கு புள்ளி.
"இது என்ன அழுக்கு?" என்று
ரப்பரை எடுத்தார் குன்டார்ஸ்.
கையைத் தட்டிவிட்டேன்.