வல்லினம் மிகும் இடங்கள்

எனக்கு மைலோ பிடிக்காது.
இருபத்திரண்டு வருடமாகக் குடிக்கிறேன்.
கோப்பிக்கடை வரிசையில் என் முறை வந்ததும்
க வந்து தொண்டையில் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.
ம மட்டும் உதட்டைத் தொட்டுவிட்டு
நல்ல பிள்ளையாய் வெளியே போகும்.

டாக்சியிலும் அப்படித்தான்.
வீடு தோ பாயோ. வாயில் வருவது நொவீனா.
இறங்கி, தாம்சன் சாலையோரம்
அரைமணி நேர நடை,
ஒரு த-வுக்காக.
நனைந்த காலணிக்கு
மனைவியிடம் வேறு காரணம்.

பெயர் கார்வண்ணன்.
வைத்த அப்பாவைக் குறைசொல்ல முடியாது,
அப்போது நான் பேசத் தொடங்கியிருக்கவில்லை.

உயர்நிலை இரண்டில் ஒரு பாடம்,
வல்லினம் மிகும் இடங்கள்.
எடுத்துக்காட்டை உரக்க வாசிக்கவேண்டும்:
அந்தக் கதவு.
அந்தக் வரை வந்துவிட்டேன்.
கதவு திறக்கவில்லை.
இலக்கணம் கேட்டது ஒரே ஒரு க்,
நான் கொடுத்தது ஏழு.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

தெக்கோங் தீவில், மொட்டையடித்த முதல் வாரம்,
வரிசையில் ஆளுக்கொரு எண் கத்தவேண்டும்.
ஓரத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு டென்.
பக்கத்து ஹாஃபிஸை இடித்து இடம் மாறி
இலெவன் ஆனேன்.
டென் என்றான் அவன்,
விதையைத் துப்புகிறவன்போல, அவ்வளவு லேசாக.
அன்றிரவு வெகுநேரம்
அவன்மேல் கோபமாக இருந்தேன்.

இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
போன மாதம் பொத்தோங் பாசிரில்
ஒன்பதாம் மாடிக்கும் பத்துக்கும் நடுவே ஒரு பெண்,
கையில் சந்தை மீன். கதவை உதைக்கிறாள்.
வெளியே நான், சாவியும் டார்ச்சுமாக.
உதைக்காதீங்க. நெம்பாதீங்க.
பெட்டி நின்றிருக்கிறது, விழவில்லை.
நேரமெடுக்கும், வந்துவிடும்.
இதைச் சொல்லி முடிக்க
எனக்கு மூன்று நிமிடம்.
அவள் முழுவதையும் கேட்டாள்,
போக வேறு இடமில்லையே.
திறந்ததும் மீன்பையைக் கைமாற்றிக்கொண்டு
திரும்பிப் பாராமல் போனாள்.
கதவிடுக்கில் கிரீஸைத் துடைக்கும்போதுதான்
நான் சொன்னது
என் காதில் விழுந்தது.

இன்று கோப்பிக்கடை.
க.
க க
பின்னால் நிற்பவர் கைத்தொலைபேசிக்குள் குனிகிறார்.
கடைப்பெண் என் சொல்லை எடுத்துக்கொடுக்க
வாயைத் திறக்கிறாள்.
உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன்.
நெம்பாதீங்க.
க கக்
கோப்பி.

ஒரு வெள்ளி அறுபது.
மேசையில் வைத்து ஒரு வாய் குடித்தேன்.
ஐயோ, சீனி!
வேண்டாமென்றால் கோசோங் என்று
கூடவே சொல்லியிருக்கவேண்டும்.
அங்கே இன்னொரு க.

டிஷ்யூ பாக்கெட்டை நாற்காலியில் போட்டுவிட்டு
மறுபடி வரிசைக்குப் போனேன்.