எதிர்க்காற்று

ஜனவரி இரண்டாம் தேதிதான் யாஸ்னா எழுதுவாள்.
ஒன்றாம் தேதி எழுதுகிறவர்களை நம்புவதில்லை.

புந்தா அரேனாஸ் துறையில்
போர்வெனீர் படகுக்கு டிக்கெட் கிழிப்பவள்.
போர்வெனீர் என்றால் அவர்கள் மொழியில் எதிர்காலம்.
காற்று மிஞ்சினால்
எதிர்காலம் ரத்து, பணம் வாபஸ்.

பழைய கட்டணப் பட்டியலின் முதுகில்
முதல் வரி:
இருபத்தோரு கிலோமீட்டர், இரண்டு மணிக்குள்.

போன வருடமும் இதே வரி.
இரண்டு மணி ஏழு நொடி.
அந்த ஏழை எங்கே தவறவிட்டோமென்று
ஜூன் மாத இருட்டில்
நெற்றிவிளக்கோடு தேடியிருக்கிறாள்.
லேஸ் கட்டக் குனிந்த இடத்தில் இல்லை,
தண்ணீர் மேசையில் இல்லை.
கடைசித் திருப்பத்தில் அவளைத் தாண்டிப்போன
தபால்காரர் ஓயார்சோவிடம் இருக்கலாம்.
அறுபத்தெட்டு வயது அவருக்கு.
கேட்கக் கூச்சம்.

அடுத்து, வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு.
முழங்காலைக் கேட்டுவிட்டு
ஆயிரம்.
முழங்காலுக்குத் தெரியாமல்
ஆயிரத்து நூறு.

மூன்றாவதற்கு வெகுநேரம் பிடித்தது.
ஜன்னலுக்கு வெளியே நீரிணை
வெள்ளை வெள்ளையாய்க் கிழிந்துகொண்டிருந்தது.
இன்று படகு இல்லை.

காற்றைத் திட்டாமல் ஓர் ஓட்டம்,
என்று எழுதினாள்.
படித்துப் பார்த்தாள்.
ஓட்டத்தை அடித்துவிட்டு
ஒரு கிலோமீட்டர் என்று மாற்றினாள்.